நிர்வாகிகள் மட்டுமே பேசலாம்

மார்ச் 5, சாம்பல் புதன்

இந்த நோட்டு எனக்கு ஓசியில் கிடைத்தது. அட்டையில் எங்கள் ஆலயக் கோபுரம். அதைவிடப் பெரிதாக எங்கள் குருவானவர் அகஸ்டஸ் ஐயரின் முகம். எங்கள் திருநெல்வேலிச் சபைகளில் பாதிரியாரை ஐயர் என்றுதான் சொல்வோம். அவருக்கு இந்த வருடம் ஒரு யோசனை உதித்துவிட்டது. ஈஸ்டருக்கு முந்தைய லெந்து நாற்பது நாளும் சபையார் கைப்பேசி உபவாசம் இருக்க வேண்டும். கை பரபரக்கும்போதெல்லாம் கைப்பேசிக்குப் பதிலாக இந்த நோட்டை எடுத்து மனதில் பட்டதை எழுத வேண்டும். வீட்டுக்கு ஒன்று கொடுத்தார்கள். என் வீட்டுக்காரர் வேதமுத்து அட்டையைப் பார்த்துவிட்டு, "இவரு மூஞ்சியப் பாத்தா எனக்கு எழுத்து வராது. நீயே எழுதுளா" என்று என் பக்கம் தள்ளிவிட்டார்.

உபவாசம் இருக்கப் போகிறவர்கள் கையை உயர்த்துங்கள் என்று ஐயர் கேட்டார். ஆலயமே வலது கையை உயர்த்தியது. இடது கையால் அதை வீடியோ எடுத்தது. பெண்கள் ஐக்கிய சங்கத் தலைவி வயலா, வீட்டுக்குப் போகும் வழியிலேயே 'இன்று முதல் கைப்பேசியைத் தொடமாட்டேன்' என்று ஸ்டேட்டஸ் போட்டாள். அதற்கு வந்த வாழ்த்துகளுக்குச் சாயங்காலம் வரை நன்றி சொல்லிக்கொண்டிருந்தாள்.

முப்பத்து நான்கு வருடம் போஸ்ட் ஆபீஸில் வேலை பார்த்தவள் என்பதால் சபையின் வாட்ஸ்அப் ஜெபக்குழுவை என் தலையில் கட்டியிருக்கிறார்கள். நான்தான் அட்மின். இருநூற்றுப் பதினான்கு பேர். விடிந்ததும் ரோஜாப்பூப் படம், அதன் மேல் ஒரு வசனம். யாராவது ஒரு கஷ்டத்தைப் போட்டால் அடுத்த நிமிடமே வரிசையாக 'ஆமென்' விழும். போன மாதம் ஒருவர் தன் அப்பா இறந்துவிட்டார் என்று போட்டார். அதற்கும் நாற்பது ஆமென். அடக்கம் எத்தனை மணிக்கு என்று ஒருவரும் கேட்கவில்லை. வாசிப்பதற்கு முன்பே ஆமென் சொல்லும் வரம் எங்கள் சபைக்குக் கிடைத்திருக்கிறது.

குழுவையும் உபவாசத்தில் வைத்துவிடுங்கள் என்று ஐயர் சொன்னார். மாலை ஆறு மணிக்கு, நிர்வாகிகள் மட்டுமே செய்தி அனுப்பலாம் என்று மாற்றினேன். ஒற்றை விரலால் இத்தனை வாய்களை மூடினேன். ஓய்வு பெற்ற பிறகு இவ்வளவு திருப்தியாக ஒரு வேலையும் செய்ததில்லை.

மூடிய பிறகு எனக்குத் தனியாக மூன்று செய்திகள் வந்தன. ஒன்றையும் திறக்கவில்லை. உபவாசம் என்றால் உபவாசம்தான்.

மார்ச் 6, வியாழன்

கைப்பேசி பீரோவில், பட்டுச் சேலைக்கு அடியில். மதியம் வெண்டைக்காய்ப் புளிக்குழம்பு. வேதமுத்துவுக்கு இருமல்.

மார்ச் 9, ஞாயிறு

ஆராதனை முடிந்து வெளியே வந்தால் வாசலில் ரோஸ்லின் நிற்கிறாள், அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டு. எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி இருக்கிறாள். வீட்டிலேயே தையல். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அண்ணன் ஸ்டான்லிக்கு ஐம்பது வயது, புத்தி ஐந்து வயதோடு நின்றுவிட்டது. வலிப்பும் உண்டு. தனியாக விட்டால் தெருவில் இறங்கி நடந்துவிடுவான்.

இவர்கள் ஆலயத்துக்குள் வருவதில்லை. வருவதில்லை என்று நாகரிகமாக எழுதுகிறேன். போன கிறிஸ்மஸ் ஆராதனையை ஐயர் யூடியூபில் நேரலையாக விட்டார். பிரசங்கத்தின் உச்சக்கட்டத்தில் ஸ்டான்லி எழுந்து தனக்குத் தெரிந்த ஒரே பாட்டின் ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் பாடினான். துபாயில் இருக்கும் சபையார்வரை அது கேட்டுவிட்டது. மறுவாரம் நாங்கள் நான்கு பெண்கள் ரோஸ்லின் வீட்டுக்குப் போனோம். அவள் போட்ட காப்பியைக் குடித்துக்கொண்டே வயலா சொன்னாள்: "இனிமே நீ வீட்டுலருந்தே லைவ்ல பாத்துக்கோ ரோஸ்லின். அண்ணனுக்கும் வசதி, ஒனக்கும் அலைச்சல் இல்ல." வயலாவின் இரக்கம் அப்படி. எதிராளிக்கு வசதி செய்து கொடுத்தே வெளியே தள்ளிவிடுவாள். நான் காப்பி மட்டும் குடித்தேன்.

இன்று ரோஸ்லின், "ஸ்தோத்திரம்க்கா" என்றாள். இன்னும் ஏதோ சொல்ல வந்தாள். அதற்குள் ஐயர் கூப்பிட்டார், போய்விட்டேன். பாவம், வியாழக்கிழமைக்கு அவளுக்கு ஆள் கிடைத்திருக்காது.

மார்ச் 13, வியாழன்

வயலா புதிதாக ஒரு வாட்ஸ்அப் குழு ஆரம்பித்திருக்கிறாள். பெயர் 'உபவாச சாட்சிகள்'. கைப்பேசியைத் தொடாமல் இருப்பதில் கிடைக்கும் சமாதானத்தைப் பற்றி அறுபத்தொரு பேர் கைப்பேசியில் பேசிக்கொள்கிறார்கள். வேதமுத்து அதில் இருக்கிறார். அவர் உபவாசத்துக்குக் கை உயர்த்தவில்லை. எனவே எங்கள் வீட்டில் பொய் சொல்லாத ஒரே ஆள் அவர்தான் என்று அடிக்கடி நினைவூட்டுகிறார்.

மார்ச் 16, ஞாயிறு

பிரசங்கத் தலைப்பு மனதுருக்கம். ஐயர் நன்றாகத்தான் பேசினார். குரல் தழுதழுக்கும் இடத்தில் கேமராக்காரர், முன்வரிசையில் கண்ணைத் துடைத்த அம்மாவை அருகில் போய்ப் பிடித்தார். அந்த அம்மாவுக்கு நேற்றுதான் கண்புரை ஆபரேஷன்.

மத்தியானம் முதியோர் இல்லத்துக்குப் போனோம். ஆளுக்கு ஒரு பிஸ்கட் பாக்கெட். கொடுக்கும்போது ஒரு படம். ஒரு பெரியவர் பாக்கெட்டை வாங்கிப் பிரித்து ஒன்றை வாயில் போட்டுவிட்டார். படம் கலங்கலாக விழுந்திருந்ததால் வயலா அதை அவர் கையிலிருந்து வாங்கி, கிழிந்த பக்கத்தை மறைத்து, மறுபடியும் கொடுத்தாள். பெரியவர் மென்றுகொண்டே சிரித்தார். அந்தப் படம் எடுத்தது யார் என்று கேட்டால், நான்தான். சபை வேலைக்கு உபவாசத்திலிருந்து விலக்கு உண்டாம். ஐயரே சொல்லிவிட்டார்.

மார்ச் 20, வியாழன்

தேங்காய் வாங்கப் போகும்போது ரோஸ்லின் வீட்டு வழியாகப் போனேன். எனக்கு அது சுற்றுவழிதான். உள்ளே தையல் மிஷின் ஓடும் சத்தம். இன்றும் வீட்டில்தான் இருக்கிறாள். அந்த டாக்டர் வியாழக்கிழமை மட்டும்தான் பார்க்கிறார். அவளுக்கு இடப்பக்கத்தில் பூட்டிய வீடு, வலப்பக்கத்தில் சிமென்ட் கடை. இருநூற்றுப் பதினான்கு பேர் இருக்கிற சபையில் அந்தத் தடியனோடு அரை நாள் உட்கார ஒரு ஆள் இல்லை. ஜெபிக்கிறோம் ஜெபிக்கிறோம் என்கிறார்களே, முழங்காலை மடக்குகிறவர்களுக்கு அதே காலால் இரண்டு தெரு நடக்க முடியாதா? வெட்கம் கெட்ட கூட்டம்.

வீட்டுக்கு வந்து இதை வாய்விட்டே சொன்னேன். வேதமுத்து பேப்பரை இறக்கினார். "அவளுக்கு டாக்டர்ட்ட போகணும்னு ஒனக்கு யாரு சொன்னா?"

"ஊர்ல பேசிக்கிட்டாவ" என்றேன்.

மார்ச் 25, செவ்வாய்

வேதமுத்து ரேஷன் கடையில் ரோஸ்லினைப் பார்த்திருக்கிறார். வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் ஆரம்பித்தார்.

"ஏளா, அந்தப் புள்ள ஒனக்கு ஏதோ செய்தி அனுப்பிச்சாம. அக்கா போன் பாக்காவளான்னு கேட்டா."

"உபவாசம்னு சொல்ல வேண்டியதுதான?"

"சொன்னேன். 'சரி அண்ணாச்சி, நோம்ப முறிக்க வேண்டாம்'னுட்டுப் போயிட்டா." பிறகுதான் செருப்பைக் கழற்றினார். "போஸ்ட் ஆபீஸ்ல இருக்கும்போது நோம்பு நாளு வந்தா தபாலக் குடுக்காம வச்சிருந்தியளோ?"

"பேசாம சாப்பிடுதியளா?" என்றேன்.

ஒரு தந்தியைக்கூட நான் கைவசம் வைத்திருந்ததில்லை. மழையானாலும் புயலானாலும். அது அவருக்கும் தெரியும். தெரிந்துகொண்டே கேட்கிறார். இன்று குழம்பில் உப்பு அதிகம், தெரிந்துகொண்டே போட்டேன்.

மார்ச் 27, வியாழன்

இன்றும் வியாழன்.

நோட்டில் மனதில் பட்டதை எழுது என்கிறார்கள், எழுதுகிறேன். எனக்கு ஸ்டான்லியைக் கண்டால் பயம். இரண்டு வருடம் முன்பு ஆராதனையில் பக்கத்தில் வந்து உட்கார்ந்து என் கையைப் பிடித்தவன், மூன்று பாட்டு முடியும்வரை விடவில்லை. ஈரமான கை. எச்சில் வடிகிறது. எல்லோரும் என்னைப் பார்க்கிறார்கள். ரோஸ்லின் என்னவென்றால், "அண்ணன் யாருகிட்டயும் இப்படி அமைதியா இருக்கமாட்டான்க்கா" என்று சந்தோஷப்படுகிறாள். வீட்டுக்கு வந்து மூன்று தடவை சோப்புப் போட்டேன். இதை வயலா செய்திருந்தால் இந்த நோட்டில் இரண்டு பக்கத்துக்கு அவளைக் கிழித்திருப்பேன்.

ஏப்ரல் 3, வியாழன்

சாயங்காலம் வேதமுத்து வந்து தன் கைப்பேசியை என் முன் நீட்டினார். 'உபவாச சாட்சிகள்' குழுவில் ஒரு வீடியோ. பஸ் ஸ்டாண்டில் ஸ்டான்லி. கால்சட்டை முன்பக்கம் நனைந்திருக்கிறது. கையை விரித்து அந்த ஒரே வரியைப் பாடுகிறான். சுற்றிலும் ஆட்கள் சிரிக்கிறார்கள். யாரோ தெருவில் போகிறவன் எடுத்து ஊரெல்லாம் விட்ட வீடியோவுக்குக் கீழே வயலா எழுதியிருக்கிறாள்: 'நம் சபைச் சகோதரனுக்காக ஜெபிக்கவும்.' அதற்குக் கீழே ஆமென், ஆமென், ஆமென். எண்ணுவதை முப்பதோடு நிறுத்திவிட்டேன்.

"கடேசியப் பாரு" என்றார்.

கடைசியில் படத்தின் ஓரத்திலிருந்து ரோஸ்லின் ஓடி வருகிறாள். தலைமுடி கலைந்து கிடக்கிறது. ஒரு கையில் ஆஸ்பத்திரிச் சீட்டு வைக்கும் பிளாஸ்டிக் உறை. இன்னொரு கையால் தன் சேலைத் தலைப்பை எடுத்து அண்ணனின் இடுப்பைச் சுற்றி மறைக்கிறாள். அதோடு வீடியோ முடிகிறது.

ஆள் கிடைக்காமல் அவனையும் கூட்டிக்கொண்டே ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறாள். வரிசையில் நிற்கும்போது அவன் கையை உருவிக்கொண்டு ஓடியிருக்கிறான். இவள் டோக்கனை விட்டுவிட்டு ஒன்றரை மணி நேரம் தேடியிருக்கிறாள். இத்தனையும் வேதமுத்து விசாரித்துவிட்டு வந்திருந்தார்.

யாரைத் திட்டுவது என்று தெரியவில்லை. இதுவரை தெரியாமல் இருந்ததில்லை.

ஏப்ரல் 4, வெள்ளி

காலையிலேயே போனேன். ரோஸ்லின் நாற்காலியைத் துடைத்துப் போட்டாள்.

"வாற வியாழன் நான் வாரேன். நீ போயிட்டு வா" என்றேன். ஏன் எதற்கு என்று நான் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை.

"ஒங்களுக்கு லெந்து கூட்டமெல்லாம் இருக்குமேக்கா."

"இருக்கட்டும்."

"மார்ல கட்டிக்கா" என்று அவளே மெதுவாகச் சொன்னாள். "ஊசியப் போட்டு சதை எடுத்துப் பாக்கணுமாம். மாசிலயே சொன்னாவ."

பிறகு அண்ணனைப் பற்றிச் சொல்லிக் கொடுத்தாள். பித்தான் டப்பாவைக் கொட்டிக் கொடுத்தால் நிறம் நிறமாகப் பிரித்துக்கொண்டிருப்பான். பாடினால் கூடப் பாட வேண்டும், நிறுத்தச் சொல்லக் கூடாது. வலிப்பு வந்தால் இடப்பக்கமாகச் சாய்த்துப் படுக்க வைக்க வேண்டும். சாவியைக் கையில் திணிக்கக் கூடாது, வாயில் எதையும் வைக்கக் கூடாது, கடிகாரத்தை மட்டும் பார்க்க வேண்டும். ஐந்து நிமிடத்துக்கு மேல் போனால்தான் ஆட்டோ. தைத்த துணியை மடித்துக் கொடுக்கிற மாதிரி ஒவ்வொன்றாகச் சொன்னாள். ஸ்டான்லி சுவரோரமாக நின்று என்னைப் பார்த்துச் சிரித்தான். நானும் சிரித்தேன். முழுச் சிரிப்பு வரவில்லை.

ஏப்ரல் 10, வியாழன்

ஏழு மணிக்குப் போனேன். பித்தான் எல்லாம் பிரித்து முடித்தோம். மறுபடியும் கலைத்துப் பிரித்தோம். அந்த ஒரே வரியை முப்பது தடவையாவது பாடியிருப்பேன். முதல் ஐந்து தடவை வாய்க்குள் முணுமுணுத்தேன். பிறகு வெட்கம் போய்விட்டது. சிமென்ட் கடைக்காரர் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

பத்தரை மணிக்கு வலிப்பு வந்தது. அவ்வளவு பெரிய உடம்பு தரையில் விழுந்து உதறியது. இடப்பக்கம் சாய்த்தேன். கடிகாரத்தைப் பார்த்தேன். இரண்டு நிமிடம், இருபது விநாடி. வாழ்நாளில் நான் செய்த ஜெபங்களிலேயே நிஜமானது அந்த இரண்டு நிமிடத்தில் செய்ததுதான். அதில் வார்த்தை ஒன்றும் இல்லை. முடிந்ததும் துணி மாற்றி, தரையைக் கழுவி விட்டேன். அவன் என் கையைப் பிடித்துக்கொண்டு ரோஸ்லின் வரும்வரை தூங்கினான்.

மூன்று மணிக்கு வந்தாள். சதை எடுத்துவிட்டார்கள். முடிவு அடுத்த வியாழன்.

ஏப்ரல் 13, குருத்தோலை ஞாயிறு

வயலாவுக்கு எப்படியோ தெரிந்துவிட்டது. குருத்தோலையை ஆட்டிக்கொண்டே வந்தாள்.

"மேபல் அக்கா, நீங்க செஞ்சது பெரிய சாட்சி. ஸ்டான்லிகூட ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்க, ஸ்டேட்டஸ்ல போடுதேன். நாலு பேரு பாத்துக் கத்துக்கிடட்டும்."

"போட்டோவுக்கு என்ன, நீயே வந்து எடு. வெள்ளிக்கிழமை காலைல ஏழு மணிக்கு வா, மூணு மணிக்குப் போவலாம்" என்றேன்.

"பெரிய வெள்ளி ஆராதனை இருக்கேக்கா!"

"லைவ்ல பாத்துக்கோ."

குருத்தோலை ஆட்டம் நின்றுவிட்டது. ஒரு அரை மணி நேரம் எனக்கு ரொம்பச் சந்தோஷமாக இருந்தது. பிறகு, வயலாவை ஜெயித்ததற்கு இவ்வளவு சந்தோஷப்படுகிறவள் ஸ்டான்லியோடு உட்கார்ந்ததும் எதற்காக என்று ஒரு யோசனை வந்தது. யோசிக்கப் பிடிக்கவில்லை.

ஏப்ரல் 17, பெரிய வியாழன்

ஸ்டான்லியோடு வேதமுத்து இருந்தார். முடிவு கேட்க ரோஸ்லினோடு நான் போனேன்.

டாக்டரம்மா சின்ன வயதுக்காரி. காகிதத்தைப் படித்துவிட்டு, பழைய சீட்டை எடுத்துத் தேதியைப் பார்த்தார். புற்றுதான் என்றார். கக்கத்திலும் நெறி கட்டியிருக்கிறது, அடுத்த வாரமே ஆபரேஷன், அதற்குப் பிறகு மருந்து ஏற்ற வேண்டும் என்றார்.

"மார்ச் ஆறாம் தேதி கண்டிப்பா வரச் சொல்லி எழுதியிருக்கேனே. அஞ்சு வாரம் ஏம்மா லேட்?"

"வீட்டுல ஆள் இல்ல டாக்டர்."

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். "இவங்க?"

"எங்க சபை அக்கா. எனக்கு எல்லாம் இவியதான்" என்றாள். கேலியாகச் சொல்லவில்லை. கேலியாகச் சொல்லியிருந்தால் தாங்கிக்கொண்டிருப்பேன்.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்தோம். ஆபரேஷனுக்குத் தேதி எழுதும் இடத்தில் எங்களுக்கு முன்னால் பதினாறு பேர். அவள் அழவில்லை. அண்ணனுக்கு மதியச் சோறு வைத்துவிட்டு வந்தது அண்ணாச்சிக்குத் தெரியுமா என்று கேட்டாள். தெரியும் என்றேன். அதற்கு மேல் சும்மா இருக்க முடியவில்லை.

"ரோஸ்லின், அன்னைக்கு நீ செய்தி அனுப்பினப்ப நான் உபவாசம்னு போனைத் தொடல. பாத்திருந்தா..."

"பாத்தியளேக்கா."

நான் அவளைத் திரும்பிப் பார்த்தேன்.

"ஆறே முக்காலுக்கே நீல டிக் விழுந்துட்டு. அக்கா பாத்துட்டாவ, காலைல வந்துருவாவன்னு அண்ணனக் குளிக்க வச்சி, சட்டை போட்டு, வாசல்ல உக்காத்தி வச்சிருந்தேன். ஒம்பது மணி வரைக்கும் பாத்தோம். பொறவு அவனுக்குப் பசிக்குன்னுட்டான்."

உண்மைதான். இந்த நோட்டில் ஒன்றையும் திறக்கவில்லை என்று எழுதியது பொய். மற்ற இரண்டைத் திறக்கவில்லை. அவளுடையதைத் திறந்தேன். ஒரு தடவை இல்லை, இரண்டு தடவை படித்தேன். இப்போதும் எழுத்துக்கு எழுத்து மனப்பாடமாக இருக்கிறது. 'அக்கா, குழுவுல போட முடியல. நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போகணும், அவசரம்னு சொல்லிட்டாங்க. டாக்டர் வியாழக்கிழமை மட்டும்தான் பாப்பாங்க. அண்ணன்கூட மத்தியானம் வரை ஒரு ஆள் இருந்தா போதும். அவன் ஒங்ககிட்ட மட்டும்தான் அமைதியா இருப்பான். நீங்க வர முடியுமாக்கா?' படித்துவிட்டுத்தான் கைப்பேசியைப் பட்டுச் சேலைக்கு அடியில் வைத்தேன். அதற்குப் பிறகுதான் நோட்டை எடுத்துச் சபையைத் திட்ட ஆரம்பித்தேன். இருநூற்றுப் பதினான்கு பேரில் அவள் கேட்டது ஒருத்தியிடம்தான்.

அஞ்சு வாரம். ஞாயிறுதோறும் வாசலில் நின்று, தெரிந்துகொண்டே, ஸ்தோத்திரம்க்கா என்று சொல்லியிருக்கிறாள்.

பெஞ்சிலேயே அழுதுவிட்டேன். பக்கத்தில் இருந்தவர்கள் நோயாளி நான்தான் என்று நினைத்து நகர்ந்து இடம் விட்டார்கள். ரோஸ்லின் என் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"தெரிஞ்சும் ஏண்டி திரும்ப வந்து கேக்கல? எத்தன ஞாயித்துக்கிழமை பாத்த. ஒரு தடவ சட்டையப் புடிச்சிக் கேட்டிருக்கக் கூடாதா?"

அவள் கொஞ்சம் யோசித்தாள். என்னைக் காயப்படுத்தாத பதில் ஒன்றைத் தேடுகிறாள் என்று தெரிந்தது. அப்படி ஒன்று அகப்படவில்லை.

"ஒரு தடவ கேட்டேனேக்கா" என்றாள்.